அடுக்கும் வரிசையும் ஆங்கிலர் உடைமையா?



ஒரு மாணவனின் கண்ணீரிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியுள்ளது. அவன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்றவன். கைத்தறி நெய்வார் வீட்டுப் பிள்ளை. கரும்பலகையில் வெண்பாவை யான் எழுதி முடிக்குமுன்பே சீர் பிரித்து, அசை கூறி, ‘ஐயா, மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது’ என்று எழுந்து நிற்பான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிலேயே கற்று, நல்ல மதிப்பெண் பெற்று, ஒரு பொறியியற் கல்லூரியில் கணிப்பொறிப் பிரிவிற் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டின் இடையில், ஒருநாள் மாலை, என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தான்.

‘படிப்பை விட்டுவிடலாமென்று இருக்கின்றேன், ஐயா. தறிக்கே போய்விடுகின்றேன்’ என்றான்.

கரணியம் கேட்டேன். ஒரு பாடத்தில் இருமுறை தோற்றுவிட்டான். ‘டேட்டா சிட்ரக்சர்’ என்றும் ‘அல்காரிதம்’ என்றும் அவர்கள் வழங்கும் பாடம் அது. குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆங்கிலச் சொற்றொடர்கள். சிவப்பு மையால் அடிக்கோடுகள். ஓரங்களில் ‘உருப்போடுக’ என்னும் குறிப்புகள். ‘சிடாக்கு என்றால் என்ன, தம்பி?’ என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரிகளை ஆங்கிலத்தில் ஒப்பித்தான். ‘நன்று. அதன் பொருள் என்ன?’ என்றேன். வாய் திறந்திலன்.

‘திருமண வீட்டுச் சமையற்கட்டில் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கின்றார்கள். பந்திக்கு எடுக்கும்போது எந்தத் தட்டு முதலில் வரும்?’

‘கடைசியாக வைத்த தட்டு, ஐயா.’

‘முதலில் வைத்தது?’

‘எல்லாவற்றுக்கும் கடைசியில்.’

‘அதுதான் நீ ஒப்பித்த நான்கு வரி. அடுக்கு என்பது அவ்வளவே.’

அவன் என்னை வியப்போடு பார்த்தான். ‘இவ்வளவுதானா, ஐயா?’ என்றான். பின்னர் அழுதான். அவ்வழுகை என்னை ஈராண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கின்றது. அறிவில்லாதவன் என்று தன்னையே அவன் எண்ணிக்கொள்ளும்படி செய்தது எது? அவனிடம் இல்லாதிருந்தது அறிவன்று. அறிவை அவன் உள்ளத்திற் சேர்க்கும் மொழியே இல்லாதிருந்தது.

இப்பாடந்தான் யாது? இரண்டே கூறுகள். செய்திகளை எவ்வாறு அடுக்கி வைப்பது என்பது ஒன்று. அதனைத் தரவமைப்பு என்போம். வைத்தவற்றைக் கொண்டு வேண்டுவதை எந்த முறையிற் படிப்படியாகச் செய்து முடிப்பது என்பது மற்றொன்று. அதனைப் படிமுறை என்போம். இவையிரண்டும் பொறியைப் பற்றியன அல்ல, ஒழுங்கைப் பற்றியன. யாப்பில் நாம் அலகிடுவதும் ஒரு படிமுறையே. எழுத்துகளை இடமிருந்து ஒவ்வொன்றாக நோக்கி, குறிலா நெடிலா, ஒற்று அடுத்ததா என்று தேர்ந்து, நேரெனவோ நிரையெனவோ முடிவு கட்டி, சீர் முடியுந்துணையும் மீண்டும் மீண்டும் அதனையே செய்கின்றோம். பதினான்கு அகவையில் இதனைப் பிழையின்றிச் செய்தவனுக்குப் படிமுறை விளங்கவில்லை என்றால், பிழை அவனதா, அதனைப் புகட்டிய மொழியினதா?

இப்பாடத்தின் உயிர்நிலையைத் தமிழர்க்கு விளக்க அகரமுதலியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பழைய நிகண்டுகளை எண்ணிப் பாருங்கள். திவாகரம் சொற்களைப் பொருள்வகையாற் பகுத்துப் பன்னிரு தொகுதிகளில் வைத்தது. நூற்பாவாக உருப்போட்டு நெஞ்சில் வைத்திருப்பவனுக்கு அது தக்க அமைப்பு. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, ஒரு சொற் பல்பொருட் பெயர்களை எதுகைப்படி அடைவு செய்தது. நினைவில் தேடுவானுக்கு எதுகையே கைவிளக்கு. ஆயின், தாளிற் புரட்டித் தேடுவானுக்கு இவை உதவா. 1594-இல் சிதம்பர இரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து முறையில் வைத்து அகராதி நிகண்டு செய்தார். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி இயற்றினார். சொற்கள் அவையே, வைப்புமுறை மட்டுமே மாறிற்று. அம்மாற்றத்தால் தேடும் உழைப்பு எத்துணைக் குறைந்தது என்று கணக்கிட்டுப் பார்த்தோமா?

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1939 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பின்னிணைப்பும் உட்பட, 1,17,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அச்சொற்கள் முறையின்றிக் கலைந்து கிடந்தால், ஒரு சொல்லைக் காண நிரவலாக ஏறத்தாழ 58,000 சொற்களையேனும் பார்த்தாக வேண்டும். அகர முறையில் இருப்பின் என்ன செய்யலாம்? நட்ட நடுவில் திறந்து பார்க்கலாம். வேண்டிய சொல் அதற்கு முன்னதாயின் பின்பாதியை அப்படியே தள்ளிவிடலாம்; எஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் பார்க்கலாம். இவ்வாறு பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டே சென்றால், மிகப் பல என்றாலும் 17 முறை பார்ப்பதற்குள் வேண்டிய சொல் கைக்கு வந்துவிடும். 58,000 எங்கே, 17 எங்கே! சொற்கள் இரு மடங்காகப் பெருகினாலும் ஒரே ஒரு பார்வைதான் கூடும். இதனைத்தான் இருமத் தேடல் என்று கல்லூரியில் ஒரு கிழமை முழுதும் நடத்துகின்றார்கள்.

ஒழுங்கு விலையின்றி வாராது. அச்சிட்ட அகரமுதலியின் நடுவில் ஒரு புதுச்சொல்லைச் செருகுவதாயின், அதன் பின்னுள்ள சொற்கள் அனைத்தையும் ஓரிடம் தள்ளியாக வேண்டும். அதற்கு மாற்றாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, ‘எனக்கு அடுத்த சீட்டு இன்ன இடத்தில் உள்ளது’ என்று அதிலேயே குறித்து விடலாம். இப்பொழுது புதுச்சொல்லைச் செருகுவது எளிது. முன்சீட்டின் குறிப்பை மாற்றி, புதுச்சீட்டிலும் ஒரு குறிப்பு எழுதினாற் போதும். இதுவே தொடுப்புப் பட்டியல். ஆயின், நடுவில் திறந்து பார்க்கும் வாய்ப்புப் போயிற்று. தலையிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் வரவேண்டும். இரண்டு நன்மையும் வேண்டுமாயின், ஒவ்வொரு சீட்டிலும் இரு குறிப்புகள் எழுதுக: ‘எனக்கு முந்தியவை இப்பக்கம், பிந்தியவை அப்பக்கம்’ என்று. சீட்டுகள் கிளைத்துக் கிளைத்து ஒரு மரமாகும். தேடலும் விரைவு, செருகலும் எளிது. ஆனால், சொற்கள் முன்பே அகர முறையில் ஒவ்வொன்றாக வந்து சேருமாயின், அம்மரம் ஒரே பக்கமாக வளர்ந்து கிளையற்ற பனையாய் நிற்கும். மீண்டும் பழைய தொல்லைதான். இவ்வாறு ஒவ்வோர் அமைப்பும் ஒரு பேற்றைத் தந்து ஓர் இழப்பைக் கேட்கின்றது. எதற்காக வைக்கின்றோம் என்பதை அறிந்து, அதற்கேற்ற வைப்பைத் தேர்வதே இக்கலை. இதில் ஆங்கிலம் எங்கே வந்தது?

யானும் இதனைக் கல்லூரியிற் கற்றேனல்லேன். முப்பது ஆண்டுகட்கு முன், எம் ஆசிரியர் ஒருவர் தொழிற்சொற்களைத் தொகுத்து ஏறத்தாழ 2,000 சீட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவற்றை அகர முறைப்படுத்த மாணவர் மூவர் சென்றோம். ஒரு சீட்டை எடுப்பது, முன்பு அடுக்கியவற்றுள் அதற்குரிய இடத்தை முதலிலிருந்து தேடிச் செருகுவது என்று தொடங்கினோம். மாலைக்குள் முந்நூறு சீட்டுகூட முடியவில்லை. சீட்டுகள் பெருகப் பெருக ஒவ்வொரு செருகலும் நீண்டது. ஆசிரியரின் துணைவியார் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். சிறிது பொழுது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்து, ‘ஏன் தம்பிகளா, பாயை விரித்து முதலில் எழுத்துக்கு ஒரு குவியலாய்ப் போட்டால் என்ன?’ என்றார். உயிர் பன்னிரண்டு, சொல்லுக்கு முதலாகும் மெய்கள் க ச ஞ த ந ப ம ய வ ஒன்பது. ஆக 21 குவியல்கள். ஒவ்வொரு குவியலையும் அவ்வாறே இரண்டாம் எழுத்தாற் பிரித்தோம். மறுநாள் உச்சிப்பொழுதிற்குள் வேலை முடிந்தது. அம்மையார் அன்று கூறியது, கணிப்பொறி நூல்கள் பெயரிட்டுக் கற்பிக்கும் ஒரு படிமுறையே என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

கணக்கையும் பாருங்கள். 2,000 சீட்டுகளில் ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 இலக்கம் ஒப்பீடுகள். 1945-இல் வான் நாய்மன் கண்ட முறை வேறு: சீட்டுக்கட்டை இரண்டாக்கு, ஒவ்வொரு பாதியையும் தனியே ஒழுங்குபடுத்து, ஒழுங்கான இரு கட்டுகளின் மேற்சீட்டுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒன்றாக்கு. பாதியை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? அதனையும் இரண்டாக்கி, இம்முறையாலேயே! இவ்வாறு செய்தால் ஒப்பீடுகள் 22,000-க்கு மேற்போகா. பொறி எத்துணை விரைவினதாயினும், முறையறியாதவன் கையில் அது வீண். முறையறிந்தவனுக்குப் பாயும் சீட்டும் போதும்.

இனி, இவ்வறிவை ஆங்கிலர் உடைமை என்று எண்ணுவாரை வினவுகின்றேன்: இதனைக் கண்டவர் யாவர்? ‘அல்காரிதம்’ என்னும் சொல்லே ஆங்கிலம் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்து அரபியில் எழுதிய அல்-குவாரிசுமி என்னும் கணக்கறிஞரின் பெயர் சிதைந்து வந்த சொல் அது. குவாரிசுமி என்பது அவருடைய ஊர்ப்பெயர். ஆகலின் அச்சொல் ஆங்கிலக் குழந்தைக்கும் தன் பொருளைத் தானே காட்டாது. நம் ‘படிமுறை’யோ கேட்டவுடன் பொருள் தருகின்றது.

அடுக்கின் கதையைக் கேளுங்கள். பாவர், சாமல்சன் என்னும் செருமானியர் இருவர், கணக்குக் கோவைகளைப் பொறி தானே மதிப்பிடுவதற்கு இவ்வமைப்பைக் கண்டு 1957-இல் காப்புரிமைக்கு எழுதினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கெல்லர்’. செருமானிய வீடுகளின் நிலவறைக்கு வழங்கும் அன்றாடச் சொல். அயன்மொழியிற் பெயர் தேடி அவர்கள் அலையவில்லை; தம் வீட்டின் அடித்தளத்திலேயே கண்டனர். அவ்வடுக்கு கணக்கிடும் முறையையும் நோக்குக. முதலில் எண்களை அடுக்கில் இடு. பிறகு செயலைக் கூறு. ‘இரண்டையும் மூன்றையும் கூட்டி நான்காற் பெருக்கு’ என்று நாம் இயல்பாகப் பேசுவதும் இம்முறையே. எண்கள் முன்னர், வினை பின்னர். ஆங்கிலத்தில் வினை முன்வந்து நிற்கும். ஆகலின் அடுக்குக் கணக்கைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிற் கூறினால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். இதனைக் கொண்டு கணிப்பொறியைத் தமிழனே கண்டான் என்று எவரும் மேடையேற வேண்டா. அத்தகைய வெற்றுப் பெருமை நமக்கு இழுக்கே. தமிழ்த் தொடரமைப்பு இவ்வறிவுக்குத் தடையன்று, துணை என்பதே யான் கூறுவது.

பனையாய் நிமிரும் மரத்தை இருபக்கமும் ஒப்ப நிறுத்தும் முறையை 1962-இற் கண்டவர்கள் அதெல்சன்-வெல்சுகி, இலாந்திசு என்னும் உருசிய அறிஞர் இருவர். அதனை உருசிய மொழியிலேயே எழுதினர். ஆங்கில உலகம் மொழிபெயர்த்துக் கற்றுக்கொண்டது. இன்றும் அம்மரம் அவ்விருவர் பெயராலேயே எல்லா நாட்டுப் பாடநூல்களிலும் நிற்கின்றது. இரண்டு ஊர்கட்கிடையே மிகக் குறுகிய வழியைக் காணும் படிமுறையை 1956-இல் கண்டவர் தைக்சுத்திரா என்னும் ஆலந்து நாட்டார். ஆம்சுட்டர்தாம் நகரின் குளம்பிக் கடையொன்றில், தாளும் எழுதுகோலும் இன்றி, ஏறத்தாழ இருபது மணித்துளிகளில் அதனை எண்ணி முடித்ததாக அவரே கூறியுள்ளார். அவர் 1975-இல் எழுதிய ஒரு குறிப்பை நம் கல்வியாளர் ஒவ்வொருவரும் கருத்திற் கொள்ளல் வேண்டும். நிரல் எழுதுவார்க்குக் கணக்கு நாட்டத்தோடு தலையாயதாக வேண்டுவது தம் தாய்மொழியில் மிகச் சிறந்த தேர்ச்சியே என்பது அக்குறிப்பின் கருத்து. கூறியவர் தமிழ்ப் புலவர் அல்லர். கணிப்பொறி அறிவியலின் முன்னோடி.

மற்றுமொருவரைக் கூறி இப்பகுதியை முடிப்பேன். அந்தோணி கோர் என்பார் 1934-இல் கொழும்பிற் பிறந்த ஆங்கிலேயர். ஆக்சுபோர்டில் அவர் பயின்றது பொறியியல் அன்று. கிரேக்கமும் இலத்தீனமும் மெய்யறிவும். பின்னர் உருசிய மொழி கற்று, 1959-இல் மாசுகோ பல்கலைக்கழகம் சென்று, பொறிவழி மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். உருசியத் தொடரின் சொற்களை, நாடாவில் அகர முறையிற் பதிந்திருந்த அகரமுதலியோடு ஒத்துப் பார்ப்பதற்கு, முதலில் அச்சொற்களை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அம்முயற்சியிற் பிறந்ததே ‘விரைவு ஒழுங்கு’ என்று நாம் கூறத்தக்க படிமுறை, 1961-இல் வெளியாயிற்று, இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. பழமொழிகள் கற்ற ஒருவர், அகரமுதலிச் சொற்களை அடுக்கும் வேலையில் அதனைக் கண்டார் என்றால், தமிழ்ப் புலவர்களாகிய நாம் ‘கணிப்பொறி நமக்குரிய துறையன்று’ என்று ஒதுங்கி நிற்பது யாங்ஙனம் பொருந்தும்?

‘நிரல்மொழிகளின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயிற்றே, வேலைக்கும் ஆங்கிலந்தானே வேண்டும்’ என்பார் உளர். மெய்தான். பைத்தான் என்னும் மொழியில் இத்தகைய ஒதுக்கிய சொற்கள் 35. சி மொழியின் 1989-ஆம் ஆண்டு வரையறையில் 32. முப்பத்தைந்து சொற்களை ஒரு கிழமையிற் கற்கலாம். அவற்றுக்காக ஒழுங்கறிவு முழுவதையும் அயன்மொழியில் உருப்போட வேண்டுமா? தொனால்டு கனூத்து என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1968-இல் தம் பெருநூலின் முதன் மடலத்தை வெளியிட்டபோது, உலகில் எங்கும் இல்லாத ஒரு பொறியைக் கற்பனையிற் படைத்து, அதன் மொழியிலேயே எடுத்துக்காட்டுகளை எழுதினார். நிரல்மொழிகள் தோன்றும், மறையும், ஒழுங்கறிவு நிலைக்கும். ஆங்கிலத்தை ஆங்கிலமாக நன்கு கற்கட்டும், யான் தடுக்கவில்லை. அறிவை மட்டும் அதனிடம் அடகு வைக்க வேண்டா என்கின்றேன்.

இனி, நம்மையே நோக்கிச் சில கடுஞ்சொற்கள். சொல்லாக்கம் செய்வதோடு நம் கடமை முடிந்ததென்று நாம் எண்ணிவிட்டோம். கலைச்சொற் பட்டியல்கள் பல வந்தன. அப்பட்டியலைக் கொண்டு ஒரு பாடத்தையேனும் நடத்திப் பார்த்தோமா? பார்த்திருந்தால் பின்வரும் முட்டுகள் புலப்பட்டிருக்கும். ‘நிரல்’ என்பது கணக்கு நூலில் மேலிருந்து கீழாகச் செல்லும் எண்தொடரைக் குறிக்கின்றது. கணிப்பொறி நூலில் கட்டளைத் தொகுதியைக் குறிக்கின்றது. ‘அணி’ கணக்கில் ஒன்று, கணிப்பொறியில் மற்றொன்று, தமிழ் வகுப்பில் வேறொன்று. ‘வரிசை’யோ முன்வந்தவன் முன்செல்லும் அமைப்புக்கும் பெயர், ஒழுங்குபடுத்தும் செயலுக்கும் அடி. ஒரே மாணவன் ஒரே நாளில் இவையனைத்தையும் கேட்கின்றான். குழம்பாதிருப்பானா? பங்கீட்டுக் கடை முன் நிற்பது போன்ற அமைப்புக்கே ‘வரிசை’யை ஒதுக்குக, முறைப்படுத்தும் செயலை ‘ஒழுங்குபடுத்தல்’ என்க, எண்ணிட்ட அறைகளில் இடையறாது வைக்கும் அமைப்பை ‘நிரை’ என்க. இவற்றினும் நல்ல சொல் கண்டோர் கூறுக, ஏற்பேன். ஆயின், சொல்லைத் தாளில் தீட்டித் தீர்க்க வேண்டா; வகுப்பில் வழங்கித் தீர்ப்போம். வழங்காத சொல் செல்லாக் காசு.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது மகிழ்ந்தோம், விழாவெடுத்தோம். அம்மாணவர்கட்கு வேண்டிய நூல்களை எழுத நம்முள் எத்தனை பேர் முன்வந்தோம்? பிறரைக் குறை கூறுமுன் இவ்வினாவை நம் நெஞ்சிடம் கேட்போமாக.

இவ்வறிவு நம்மிடம் இன்மையால் தமிழுக்கே நேரும் இழுக்கையும் காட்டுவேன். ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே கட்டத்திற் பொருத்திய பழைய அமைப்பைத் தழுவி, தமிழெழுத்துகளும் அங்கு வைக்கப்பட்டன. ஆகலின் நகரத்தை அடுத்து னகரம். ரகரத்தை அடுத்து றகரம். வகரமோ ழகரத்திற்குப் பின்! எண்களை மட்டும் ஒப்பிட்டு ஒழுங்குபடுத்தும் நிரலிடம் கொடுத்தால், ‘கயல்’ முன்னும் ‘கனி’ பின்னும் வரவேண்டியது தலைகீழாகும். ‘தவளை’க்கு முன் ‘தழை’ வந்து நிற்கும். ‘அக்கம்’ முன்வர வேண்டிய இடத்தில் ‘அகம்’ முந்திக்கொள்ளும். மூன்றெழுத்துச் சொல்லாகிய ‘தமிழ்’ என்பதைப் பொறி ஐந்தென எண்ணும்; உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால். இதற்கு மருந்து இல்லாமலில்லை. தமிழ் முறைக்கேற்ற ஒழுங்கு அட்டவணைகளை வல்லுநர் வகுத்துள்ளனர். ஆனால் முறை தெரியாத தொடக்க மாணவன் அவற்றைத் தேடமாட்டான். பொறி காட்டியதே சரி என்று நம்பி, நூலகப் பட்டியலையும் வாக்காளர் பட்டியலையும் அவ்வாறே அடுக்கி விடுவான். அகர முறை அறிந்தவனுக்குப் பொறி தெரியாது. பொறி அறிந்தவனுக்கு அகர முறை தெரியாது. இவ்விருவர்க்கும் இடையே விழுந்து கிடப்பது தமிழ்.

ஆகலின் என் வேண்டுகோள் எளியது. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வரும் கோடை விடுமுறையில் பத்துப் பிள்ளைகளைத் திண்ணையிற் கூட்டுக. நூறு சீட்டுகளில் நூறு தமிழ்ச் சொற்கள் எழுதித் தருக. தேடச் செய்க; அடுக்கச் செய்க; எத்தனை முறை ஒப்பிட்டாய் என்று எண்ணச் செய்க; அதனினும் குறைவாகச் செய்ய வழியுண்டா என்று கேட்க. பொறி வேண்டா, மின்விளக்கும் வேண்டா. கணிப்பொறி பயின்ற இளைஞர்காள், நீவிர் வந்து அப்பிள்ளைகள் கையாற் செய்ததைப் பொறியிற் செய்து காட்டுக. புலவரும் நிரலரும் ஒரே பாயில் அமரும் அன்றுதான் அறிவியல் தமிழ் என்பது வெறும் மேடைச்சொல்லாக இராது.

திண்ணையில் அழுத மாணவனுக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். தொடர்ந்து மூன்று திங்கள் காரி, ஞாயிறு மாலைகளில் வந்தான். அவன் நூலை அவன் படித்தான்; பொருளை இருவரும் தமிழிற் பேசினோம்; எனக்கு விளங்காதவற்றை அவனே எனக்கு விளக்கினான். தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதினான், தேறினான். சென்ற தைத்திங்களில் வந்து தன் மடிக்கணிப்பொறியைத் திறந்து காட்டினான். முன்பின்னாகப் படித்தாலும் ஒன்றாகவே வரும் சொற்களைக் கண்டறியும் நிரல் அது. கல்லூரியில் எல்லார்க்கும் கொடுக்கும் தொடக்கப் பயிற்சி. அவன் ‘மாறுமா’ என்னும் சொல்லை இட்டான். மா, று, மா. எப்படிப் படிப்பினும் ஒன்றே. பொறியோ ‘இல்லை’ என்றது. குறியையும் எழுத்தையும் பிரித்துப் புரட்டியதால் வந்த பிழை. பின் தான் திருத்திய நிரலை இயக்கினான். முதலில் எழுத்துகளைத் தமிழ் முறைப்படி கூட்டி, அவற்றை அடுக்கில் இட்டு, மேலிருந்து எடுத்து ஒப்பிடும் நிரல். இம்முறை ‘ஆம்’ என்றது.

‘தட்டு அடுக்குதான், ஐயா’ என்று சிரித்தான்.

‘மாறுமா?’ என்று கேட்டுக்கொண்டே நாம் பல்லாண்டுகளைக் கழித்துவிட்டோம். நெய்வார் வீட்டுப் பிள்ளையொருவன் கேட்பதை விட்டு மாற்றிக் காட்டினான். அவனுக்கு வேண்டியிருந்தது அவனுடைய மொழியில் மூன்று திங்கட் பேச்சு மட்டுமே. அதனைக் கொடுக்க மறுக்கும் உரிமை நம்முள் எவர்க்கும் இல்லை.